மலை ஓயும் இடம்: மேற்குப் பாதையும் கிழக்குப் பாதையும்

தித்திவங்சா மலைத்தொடர் தாய்லாந்து எல்லைப்பக்கம் தொடங்கி, ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, நெகிரி செம்பிலானில் ஓய்கிறது. பேராக்கின் கோர்பு சிகரத்தில் 2,183 மீட்டர் ஏறி நிற்கும் கருங்கல் தொடர், தம்பின் ஊரை நெருங்கும்போது ஆயிரம் மீட்டரைக்கூடத் தொடாத குன்றுகளாகத் தணிந்துவிடுகிறது. ஊருக்குப் பின்னால் தெரியும் தம்பின் மலை அதன் கடைசி எழுச்சிகளில் ஒன்று. சிரம்பானிலிருந்து வரும் இரயில் பாதை, மலை தணிந்த இந்த இடத்தில்தான் குகை எதுவும் குடையாமல் கிழக்கே திரும்பி உள்நாட்டுக்குள் நுழைகிறது. (தம்பின் நிலையம் நிற்பதே மலாக்கா மண்ணில், புலாவ் செபாங்கில், ஊர் ஒன்று, மாநிலம் இரண்டு.) பத்தாங் மலாக்கா, ஆயர் கூனிங் கடந்து கிம்மாஸ் சேர்ந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சிகாமட், குளுவாங் வழியே ஜொகூர் பாருவுக்குப் போகிறது. மற்றொன்று பஹாவ், மெந்தகாப், ஜெரண்டுட், கோல லிப்பிஸ், குவா மூசாங் என்று காட்டோடு காடாக 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கிளந்தானின் தும்பாட்டில் கடலைத் தொடுகிறது. கிம்மாஸ் தம்பின் மாவட்டத்து ஊர். ஆகவே மலேசியத் தீபகற்பத்தின் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். நெகிரி செம்பிலானின் பரப்பு 6,700 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் தமிழ்ப்பள்ளிகள் அறுபதை ஒட்டி இருக்கின்றன. பகாங் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. அங்கே நாற்பதுக்கும் குறைவு. 15,000 சதுர கிலோமீட்டர் பரந்த கிளந்தானில் ஒன்றே ஒன்று, கோல கிராய் பக்கத்துப் பாசிர் காஜா தோட்டப் பள்ளி. நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் இந்தியர்; கிளந்தானில் நூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை. பொதுவாக இதற்கு மக்கள் சொல்லும் விளக்கம், வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்ட இடத்தில் நாம் இருக்கிறோம் என்பதே. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. வெள்ளைக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு இடம் தேர்ந்தெடுக்கவில்லை. பாறை, மழை, பாதை, காலம் என்று ஒவ்வொன்றும் அவன் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது.

பாறையிலிருந்து தொடங்கலாம். தித்திவங்சாவின் கருங்கல் மேற்கே சரிந்து இறங்கும் அடிவாரம் நெடுகிலும் ஆறுகள் அரித்துக் கொண்டுவந்து படியவைத்த ஈயக்கனிமம் கிடந்தது. லாருட், கிந்தா, கிள்ளான் பள்ளத்தாக்கு, சுங்கை ஊஜோங் எல்லாம் அப்படி எழுந்த ஊர்கள். மண்வெட்டியும் தண்ணீரும் இருந்தால் அள்ளிவிடலாம் என்பதால் 19ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1885இல் தைப்பிங்–போர்ட் வெல்ட் இரயில் வந்தது. 1891இல் சிரம்பான்–போர்ட்டிக்சன் இரயில் வந்தது. கிழக்கிலும் கனிமம் உண்டு. சுங்கை லெம்பிங்கில் ஈயம் இருந்தது, ஆனால் அது பாறையின் ஆழத்தில் இருந்தது. பெரிய முதல் போட்டு நிலத்தடியில் சுரங்கம் அறுக்க வேண்டும். ராவூப்பில் தங்கம் இருந்தது. இரண்டும் காட்டுக்கு நடுவே தனித்தனிப் புள்ளிகளாகவே நின்றுவிட்டன. ஒன்றோடொன்று கோத்து ஒரு பட்டையாக வளரவில்லை.

இரப்பர் வந்தபோது பாதை ஏற்கெனவே போட்டிருந்த பக்கத்தை அது தேடிப் போனதில் வியப்பில்லை. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் வணிக அளவில் முதன்முதலாக இரப்பர் நட்டார். மலாக்காவும் தம்பினும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். 1905இல் இரண்டுக்கும் நடுவே கிளை இரயிலும் ஓடத் தொடங்கியது. மலையடிவாரத்தின் ஆழமான, தண்ணீர் தேங்காத செம்மஞ்சள் மண்ணில் பால்மரம் நன்றாக வேர் இறக்கியது. பத்தே ஆண்டுகளில் தம்பின், ரெப்பா, கெமஞ்சே என்று குன்றுக்குக் குன்று தோட்டங்கள் முளைத்தன.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை நன்றாக அறிந்தவர்கள் பால் வெட்டியவர்கள்தாம்; புத்தகத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மரத்துக்குள் பாலின் அழுத்தம் விடியலில்தான் மிகுதி. அதனால் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்குக்குப் போய்ப் பேர் கொடுத்து, நிரையில் நுழைந்து, வெயில் ஏறுமுன் வெட்டி முடித்துவிட வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் பால் ஓடாது. மரமெங்கும் வழிந்து வீணாகும். மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையில் விழுந்த பாலிலும் மழைநீர் கலந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதைவிட, எந்த நேரத்தில் மழை என்பதே தோட்டத்தின் தலைவிதி. மேற்கில், தம்பின் போன்ற உள்பகுதிகளில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். காலை வெட்டு அதற்குள் முடிந்து, பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றை மலைத்தொடர் தடுக்கிறது. தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா தடுக்கிறது. தம்பினுக்கு வடக்கே மலைகளுக்கிடையே கிடக்கும் ஜெலுபு, நாட்டிலேயே மழை குறைந்த பகுதி என்று பேர் பெற்றது.

கிழக்கில் கதை வேறு. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை தென்சீனக் கடலிலிருந்து வரும் காற்று, கிளந்தானிலும் திரங்கானுவிலும் பகாங்கின் கடலோரத்திலும் நாள்கணக்கில் விடாமல் கொட்டும். கோத்தா பாருவின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில் விழுவதுதான். வெட்டு இல்லாத நாளுக்குப் பேர் கிடையாது, பேர் இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது. மாதக்கணக்கில் மரம் நனைந்து நிற்கும் பக்கத்தில் கம்பெனிக்கும் நட்டம், வெட்டுக்காரருக்கும் பட்டினி. அதே காற்று கிழக்குக் கரையின் ஆற்றுமுகங்களையும் கப்பலுக்கு அடைத்துவிடும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிய தமிழர் இறங்கியதெல்லாம் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் போன்ற மேற்குத் துறைகளில்தான். அங்கிருந்து இரயில் எவ்வளவு தூரம் ஓடியதோ, அவ்வளவு தூரம் தமிழ் பரவியது.

வெள்ளத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1926இல் பகாங்கையும் கிளந்தானையும் மூழ்கடித்த வெள்ளம் அங்கே இன்றும் பேசப்படுகிறது. 2014 டிசம்பர் வெள்ளம் கெமூபுவில் இரயில் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. தம்பின் பக்கத்திலும் ஆறு பெருகும், சாலை முழுகும். ஆனால் ஊர்களின் அமைப்பையே மாற்றும் வெள்ளம் இங்கே வந்ததில்லை.

பாறையும் மழையும் மட்டும் இருந்திருந்தால் கிழக்கில் தோட்டம் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஏறக்குறைய இல்லாமலே போனதற்குக் காலமும் காரணம் என்று கருதுகிறேன். கிம்மாசிலிருந்து பஹாவ் வரை பாதை வந்தது 1910இல். அதே ஆண்டு இலண்டனில் இரப்பர் விலை அதுவரை காணாத உச்சம் தொட்டது; கம்பெனிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பங்கு விற்றன. பஹாவ் சுற்றுவட்டாரத்தில் அதனால் தோட்டங்கள் உண்டு, தமிழர் உண்டு, கோவில் உண்டு. பாதை அதற்கு மேல் மெல்ல ஊர்ந்தது. பகாங்கின் காடுகளையும் குவா மூசாங்கின் சுண்ணாம்புக் குன்றுகளையும் தாண்டி வடக்கும் தெற்கும் ஒன்றாக இணைந்தது 1931இல்தான். அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் இரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. 1929க்குப் பின் விலை பாதாளத்துக்குப் போனது. பாதை திறந்த அதே நேரத்தில் மேற்குத் தோட்டங்களில் வேலையின்றி நின்ற தமிழரை அரசு கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. திரும்பியவர் எண்ணிக்கை இலட்சத்தைத் தாண்டியது. 1934இல் பன்னாட்டு உடன்படிக்கை புது நடவுக்கே தடை போட்டது. 1938இல் இந்திய அரசு தோட்டக்கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. கிழக்குப் பாதை இருபது ஆண்டுகள் முன்னால் முடிந்திருந்தால் கோல லிப்பிசும் குவா மூசாங்கும் இன்னொரு தம்பினாக ஆகியிருக்கக்கூடும்.

அரசியலும் குறுக்கே நின்றது. நெகிரி செம்பிலானும் பகாங்கும் 1890களிலேயே ஐக்கிய மலாய் மாநிலங்களில் சேர்ந்தவை. கிளந்தானும் திரங்கானுவும் 1909 உடன்படிக்கையின்பின்தான் சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயர் பக்கம் வந்தன. கிளந்தானின் உட்பகுதியில் டஃப் கம்பெனிக்குப் பெரும் நிலம் கிடைத்தும், அங்கே மேற்கைப்போல் தோட்டம் தொட்டுத் தோட்டம் வளரவில்லை. ஆற்றுப்படுகையிலோ நெல் விளைவிக்கும் மலாய்க் குடியானவர் முன்பே நெருக்கமாக வாழ்ந்தார்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து நிரப்ப அங்கே வெற்றிடம் இல்லை.

தூரத்தின் விலை கூலியிலும் தெரிந்தது. 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாள்கூலி, போக்குவரத்து எளிதாக இருந்த மேற்குப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளில் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. அரிசி விலையும் மலேரியாவும் அங்கே அதிகம் என்பதால் அந்த எட்டுக் காசு. பழக்கப்படாத காட்டுக்கு ஆள் போக அது போதவில்லை.

கிழக்குப் பாதையில் தமிழரே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பாதையைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழர் கை உண்டு. தண்டவாளம் பார்க்கும் கூலிகளாகத் தமிழகத்தாரும், நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். பாதை முடியும் தும்பாட்டில் மாரியம்மன் கோவில் இருப்பது அதனால்தான். மேற்கில் தோட்டம் ஊரானது. கிழக்கில் இரயில்வே குடியிருப்பு ஊருக்குள் ஒரு தெருவாக நின்றது. தோட்டத்தில் ஒரே இடத்தில் நூறு குடும்பம் வாழும். அங்கே பள்ளி எழும், நாடகம் நடக்கும், சங்கம் சேரும். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. நிலையத்துக்கு நாலு குடும்பம் என்று சிதறி வாழ்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை. கிளந்தானில் ஒரு பள்ளி என்ற எண்ணிக்கையின் வேர் இங்கே இருக்கிறது.

கடல் கடந்த பாதியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 3,30,000 சதுர கிலோமீட்டரில் தீபகற்பம் ஐந்தில் இரண்டு பங்குதான். மீதி சபாவும் சரவாக்கும். அங்கே தமிழ்ப்பள்ளி ஒன்றுகூட இல்லை.

மலை ஓயும் இந்த இடைவெளி இரயிலுக்கு முன்பும் வழியாகத்தான் இருந்தது. பஹாவுக்கு அருகே ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மேற்கே போகிறது. சர்ட்டிங் ஆறு பகாங் ஆற்றைச் சேர்ந்து கிழக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தரை மிகக் குறுகலும் தாழ்வுமானது. பழங்கால வணிகர் படகைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மற்றொன்றில் இறக்கி, மலாக்கா நீரிணையிலிருந்து தென்சீனக் கடல்வரை போனார்கள். பெனாரிக்கான் என்று அந்த இடத்துக்குப் பேர். 1942 ஜனவரி 14இல் ஆஸ்திரேலியப் படை, கெமஞ்சேக்கு அப்பால் கெலாமா ஆற்றுப் பாலத்தில் சைக்கிளில் வந்த ஜப்பானியரைப் பதுங்கித் தாக்கியதும் இதே இடைவெளியில்தான். வணிகனும் இரயிலும் படையும் ஒரே வழியைத் தேர்ந்தார்கள், வேறு வழியை மலை விடவில்லை.

அந்தப் போரில் இரண்டு பாதைகளும் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தன. ஜப்பானியர் கிழக்குப் பாதையின் நீண்ட பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள். தம்பின்–மலாக்கா கிளைப் பாதையையும் பெயர்த்தார்கள். அந்தத் தண்டவாளங்கள் சயாம்–பர்மா இரயிலுக்குப் போயின. மேற்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அதே சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் பல்லாயிரம். கிழக்குப் பாதை 1950களில் மீண்டும் போடப்பட்டது. மலாக்காக் கிளை மீளவே இல்லை. சயாமில் மாண்டவர்களுக்கோ, அவர்கள் பால் வெட்டிய தோட்டங்களில் பேர் பொறித்த கல்கூடக் காண்பது அரிது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் வேறுபாட்டுக்கு வருகிறேன். அது நிலத்தின் பத்திரம்.

தம்பின், ரெம்பாவ், கோலப்பிலா வட்டாரத்தின் நிலத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்குத் தெரியும். பள்ளத்தில் நெல்வயல். சரிவில் இரப்பர். உச்சியில் காடு. பள்ளத்து வயல் மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரருடையது. அடாட் பெர்பாத்தே வழக்கப்படி அது தாய்வழியில் பெண்ணுக்கே சேரும், குலத்துக்கு வெளியே விற்க முடியாது. 1909இல் ஆங்கிலேயரே அதற்குச் சட்டம் இயற்றி உறுதி செய்தார்கள். உச்சிக் காடு அரசுடையது. நடுச்சரிவு கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தச் சரிவில் வாழ்ந்த தமிழருக்கு மட்டும் மேலும் இல்லை, கீழும் இல்லை. கீழே பள்ளத்தில் ஒரு பெண் நிலத்துக்கு உரிமைக்காரியாக இருந்தாள். கூப்பிடு தூரத்துச் சரிவில் இன்னொரு பெண் ஆணைவிடக் குறைந்த கூலிக்கு மரம் வெட்டி, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தனக்கென்று ஒரு முழ மண் இல்லாமல் வாழ்ந்தாள். இரண்டு பேரும் ஒரே சந்தையில் மீன் வாங்கியிருப்பார்கள்.

கிழக்குப் பாதையில், பஹாவ் தாண்டியதும், வேறொரு ஏற்பாடு வந்தது. 1956இல் தொடங்கிய பெல்டா எனும் அரசு நில மேம்பாட்டு வாரியம், தனியார் கம்பெனி தொடாத காடுகளைத் திருத்திக் குடியேற்றங்கள் அமைத்தது. பாலோங், சர்ட்டிங், அப்பால் பகாங்கின் ஜெங்கா எல்லாம் அப்படி வந்தவை. தாமதமாக வந்த பாதை தோட்டம் இல்லாமல் விட்டுவைத்த காடு, சுதந்திர நாட்டின் குடியேற்றத்துக்கு இடமானது. குடியேறிய குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் நிலமும் வீட்டு மனையும் கிடைத்தன. கடன் அடைந்தபின் பட்டா. குடியேறியவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர். தமிழர் மிகச் சிலரே. அந்தக் குடும்பங்களும் வறுமையிலிருந்து வந்தவர்கள், காட்டோடு போராடியவர்கள். அவர்களுக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. அதே மரம், அதே வெட்டு, அதே விடியல் வேலையை அதைவிட ஐம்பது ஆண்டுகள் முன்பிருந்தே செய்தவர்களுக்கு ஏன் அது எட்டவில்லை என்பதுதான் என் கேள்வி.

எட்டாததற்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் இருந்தன. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1960களின் தொடக்கத்தில் அதை ஆய்ந்து அறிக்கை தந்தார். ம.இ.கா. தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கினார். தமிழரின் நில வரலாற்றில் அதைவிடத் தெளிவான முயற்சி வேறில்லை. ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு அது ஈடாகவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானதும் பல்லாயிரம் பேர் அறியாத ஊருக்குக் கப்பலேறினார்கள். பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள்.

இன்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வெளியேறுகிறார்கள். பெல்டா குடும்பத்து இளையவர் கோலாலம்பூருக்குப் போகிறார். தோட்டத்து இளையவர் சிரம்பான், நீலாய், சிங்கப்பூர் என்று போகிறார். 2013இல் சிரம்பான்–கிம்மாஸ் இரட்டைப் பாதை மின்மயமானபின் தம்பினிலிருந்து தலைநகர் நெருங்கிவிட்டது. கிழக்குப் பாதையில் இன்னும் டீசல் வண்டிதான். வெளியேறுவதில் ஒன்றான இவர்கள் திரும்பி வருவதில் வேறுபடுகிறார்கள். பெருநாளுக்குப் பாலோங் திரும்பும் பிள்ளைக்குத் தந்தை பேரில் நிலமும் வீடும் இருக்கின்றன. தீமிதிக்குத் தோட்டம் திரும்பும் பிள்ளைக்குக் கோவில் இருக்கிறது, லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

பள்ளிகளிலும் இதே கணக்குதான். நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் இன்னமும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். கட்டடம் நிற்கும் நிலம் அரசின் பேரில் இல்லாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். தம்பின் மாவட்டத்தில் ரெப்பா, ரீஜன்ட் போன்ற பள்ளிகள் தோட்டத்தின் பேரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் கைமாறும்போது கோவிலுக்கும் பள்ளிக்குமான நிலத்தைத் தனியே அளந்து தனிப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று கேட்பதற்கு இந்த நூறாண்டு வரைபடத்தைவிட வேறு சான்று தேவையில்லை. மாநில நில அலுவலகங்களில் அதற்கான விண்ணப்பத்தைப் பள்ளி வாரியங்களும் கோவில் நிர்வாகங்களும் தோட்டம் விற்பனைக்கு வரும் முன்பே கொடுத்தாக வேண்டும். விற்றபின் கொடுத்தால், பேச வேண்டிய ஆள் மாறிவிடுகிறார்.